√2 × ∛3 = ⁶√72 ன்னு விடை போட்டிருக்கு, அந்த 72 எங்கேருந்து வந்துச்சு?

மாடித்தோட்டம்:

வணக்கம் எல்லாருக்கும். பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. நேத்து ராத்திரி தோசை ஊத்திக்கிட்டு இருக்கும்போது கணக்கு நோட்டைத் தூக்கிட்டு அடுப்படிக்கே வந்துட்டா, "அம்மா இதுல எங்க தப்புன்னு சொல்லு, நான் ரூல் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன்"ன்னு. அவ எழுதியிருந்தத அப்படியே போடுறேன்:

√2 × ∛3
= 2^(1/2) × 3^(1/3)
= (2 × 3)^(1/2 + 1/3)
= 6^(5/6)

மேல சிவப்புல ஒரு இன்ட்டு மார்க், அவ்வளவுதான், வேற ஒண்ணும் எழுதல. புத்தகத்துக்குப் பின்னாடி விடை ⁶√72 னு இருக்கு. இவ பக்கத்துல உக்கார்ற பொண்ணு ⁶√6 னு எழுதியிருக்கா, அதுவும் தப்பாம். நான் போன் கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன், √2 வந்து 1.414, ∛3 வந்து 1.442, பெருக்குனா 2.04 கிட்ட வருது, 6^(5/6) போட்டா 4.45 வருது, ஆக தப்புன்னு கண்ணுக்கே தெரியுது. ஏன் தப்புன்னுதான் எனக்குச் சொல்ல வரல. √2 × √3 = √6 ங்கும்போது உள்ள இருக்கிறதப் பெருக்குறோம், பவரைக் கூட்டணும்னும் ஒரு ரூல் இருக்கு, அப்ப ரெண்டையும் செஞ்சா என்ன தப்புன்னு அவ கேக்குறது எனக்கே நியாயமாத்தான் படுது.

நான் பன்னெண்டாவதோட கணக்கை விட்டு இருபது வருஷம் ஆச்சு. விடையை மட்டும் சொல்லாம, நான் அவகிட்ட உக்காந்து எடுத்துச் சொல்ற மாதிரி யாராவது சொல்லிக் குடுங்க. புதன்கிழமை டெஸ்ட் இருக்கு.

---

பழைய கரும்பலகை:

அம்மா வணக்கம். நான் அரசுப் பள்ளியில கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். முதல்ல பாப்பாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க, அவளுக்கு ரெண்டு விதியும் சரியாத் தெரிஞ்சிருக்கு. அந்த ரெண்டு விதிக்கும் தனித்தனி நிபந்தனை இருக்கு, அது ரெண்டும் இந்தக் கணக்குல இல்ல, அங்கதான் வழுக்கிட்டா. வருஷா வருஷம் வகுப்புல பாதிப் பேரு இந்த இடத்துலதான் வழுக்குவாங்க.

ரூட்டை எல்லாம் கொஞ்ச நேரம் தள்ளி வச்சிட்டு முழு எண்ணுல போட்டுக் காட்டுங்க. 5^2 × 5^3, இதுல அடி ரெண்டும் 5, அதனால அடுக்கைக் கூட்டலாம், 5^5. ஏன்னா ரெண்டு அஞ்சும் மூணு அஞ்சும் வரிசையா நிக்குது, மொத்தம் அஞ்சு அஞ்சு, அவ்வளவுதான் சங்கதி. அடுத்து 2^3 × 5^3, இதுல அடி வேற, ஆனா அடுக்கு ஒண்ணு. மூணு ரெண்டு, மூணு அஞ்சு, ஒவ்வொரு ரெண்டுக்கும் ஒரு அஞ்சு ஜோடி சேர்த்தா மூணு பத்து, 10^3, சரிபார்த்தா 8 × 125 = 1000 வந்துரும். இப்ப 2^2 × 3^3 போடச் சொல்லுங்க. அடியும் வேற அடுக்கும் வேற. நிஜ விடை 4 × 27 = 108. பாப்பா ரூட்டுக்குச் செஞ்ச மாதிரியே இங்கயும் செஞ்சா 6^5, அது 7776. 108 எங்க 7776 எங்க. ரெண்டு ரெண்டையும் மூணு மூணையும் ஜோடி போட்டா ஒரு மூணு தனியா நிக்கும், அதுக்கு ஜோடி கிடையாது. அவளே எழுதி அவளே பார்க்கட்டும், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.

சரி, இப்ப ரூட்டுக்கு வருவோம். 1/2 ங்கிற பவர் ஏன் ரூட்டைக் குறிக்குதுன்னு முதல்ல அவளுக்குத் தெரியணும், சட்டம்னு மனப்பாடம் பண்ணியிருந்தா இந்த இடத்துல நிக்காது. 2^(1/2) × 2^(1/2), அடி ஒண்ணு, அடுக்கைக் கூட்டு, 1/2 + 1/2 = 1, ஆக 2^1 = 2. தன்னைத்தானே பெருக்குனா 2 வர்ற பாசிட்டிவ் எண்ணுக்கு நாம ஏற்கெனவே வச்ச பேருதான் √2. வேற வழியே இல்ல, கூட்டல் விதி பின்னத்துக்கும் செல்லணும்னா 2^(1/2) வந்து √2 ஆகத்தான் இருந்தாகணும். √ ங்கிற குறியை ருடால்ஃப்னு ஒரு ஜெர்மன்காரர் 1525ல அச்சுல கொண்டுவந்தாரு, நியூட்டன் 1676ல எழுதுன ஒரு கடிதத்துல ரூட்டைப் பின்ன அடுக்கா எழுதுற முறையை விளக்கியிருக்காரு, ரெண்டுக்கும் நடுவுல நூத்தம்பது வருஷம். அதனால பாப்பாவுக்கு ரெண்டு நாள் பிடிச்சா பரவாயில்ல.

இப்ப நம்ம 72. இதைப் பேப்பர்ல எழுதாம வாயாலயே சொல்லிப் பாருங்க. √2 ஐ ஆறு தடவை வரிசையா பெருக்குங்க. ரெண்டு ரெண்டா சேர்த்தா ஒவ்வொரு ஜோடியும் 2 ஆகும், மூணு ஜோடி, 2 × 2 × 2 = 8. அடுத்து ∛3 ஐ ஆறு தடவை பெருக்குங்க. மூணு மூணா சேர்த்தா ஒவ்வொரு கூட்டமும் 3 ஆகும், ரெண்டு கூட்டம், 3 × 3 = 9. இப்ப √2 × ∛3 ங்கிற ஒரே எண்ணை ஆறு தடவை பெருக்குனா என்ன வரும்? 8 × 9 = 72. ஆறு தடவை பெருக்குனா 72 வர்ற எண்ணுக்கு என்ன பேரு? ⁶√72. முடிஞ்சுது.

ஏன் ஆறு தடவைன்னு கேப்பா. ரெண்டு ரெண்டாவும் பிரியணும், மூணு மூணாவும் பிரியணும், மிச்சம் இருக்கக் கூடாது. அதுக்கு இருக்கிறதுலயே சின்ன எண்ணு 6, அதாவது 2க்கும் 3க்கும் எல்சிஎம். பின்ன அடுக்குல எழுதும்போது இதையேதான் செய்யிறோம்:

2^(1/2) × 3^(1/3)
= 2^(3/6) × 3^(2/6)
= (2^3)^(1/6) × (3^2)^(1/6)
= 8^(1/6) × 9^(1/6)
= 72^(1/6)

மூணாவது வரியில அடுக்கு ரெண்டும் 1/6 ஆயிடுச்சு பாருங்க, இப்பதான் அடியைப் பெருக்குற விதிக்கு உரிமை வருது. 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டும்போது கீழ இருக்கிறத சமம் பண்ணோம்ல, அதே வேலை. ஆனா சமம் மட்டும்தான் பண்றோம், கூட்டல, இத அழுத்திச் சொல்லுங்க.

பக்கத்துல இருக்கிற பாப்பாவோட ⁶√6 பத்தியும் ஒரு வார்த்தை. அவ 6ங்கிற வரிசையைச் சரியாப் பிடிச்சிட்டா, ஆனா உள்ள இருக்கிற 2ஐயும் 3ஐயும் ஏத்தாம அப்படியே விட்டுட்டா. பின்னத்துல கீழ 6 ஆக்கிட்டு மேல 1ஐயே விட்ட மாதிரி. இதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. √2வும் ஒண்ணைவிடப் பெருசு, ∛3யும் ஒண்ணைவிடப் பெருசு, அப்ப பெருக்குனா விடை ரெண்டையும்விடப் பெருசா இருக்கணும். ⁶√6 வந்து 1.348 தான், √2ஐவிடவே சின்னது. பரிட்சையில கால்குலேட்டர் இருக்காது, இந்த மாதிரி ஒரு நிதானம் பழகிட்டா போதும்.

---

மாடித்தோட்டம்:

சார் ரொம்ப நன்றி. நீங்க சொன்ன மாதிரியே 2^2 × 3^3 முதல்ல போடச் சொன்னேன், 7776 வந்ததும் கொஞ்ச நேரம் பேசாம பாத்துக்கிட்டே இருந்தா, அப்புறம் "ஓ ஒரு த்ரீக்கு ஜோடி இல்ல"ன்னு அவளே சொன்னா. அந்த ஆறு தடவை பெருக்குறதையும் பருப்பு டப்பாவைக் கவுத்து கொண்டைக்கடலைய ஜோடி ஜோடியா, மூணு மூணா வச்சு செஞ்சோம். 72 வந்த இடம் எனக்கும் இப்பதான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு. அடுத்த கணக்கு √8 × ∛4. அதே வழியில போட்டு 8^3 = 512, 4^2 = 16, பெருக்கி ⁶√8192 னு கொண்டு வந்துட்டா. பின்னாடி விடை 4 × ⁶√2 னு இருக்கு. கால்குலேட்டர்ல ரெண்டும் 4.4898 தான் வருது, அப்ப இவளோடது சரிதானே, ஏன் வேற மாதிரி இருக்கு?

---

வலிகாமத்துப் பிள்ளை:

உங்கட மகள் செய்தது பிழையில்லை, ஆனா இன்னும் சுருக்கலாம். நான் யாழ்ப்பாணத்தில பத்தாம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் குடுக்கிறன். எங்கட பாடப்புத்தகத்தில அடுக்குக்கு சுட்டி எண்டும், இந்த மாதிரி மூலத்துக்கு சேடு எண்டும் சொல்லுறது, எல்சிஎம்முக்கு பொ.ம.சி. பெயர்தான் வேற, கணக்கு ஒண்டுதான்.

இப்பிடியான கணக்கைக் கண்டவுடன பெருக்கத் தொடங்கக் கூடாது எண்டுதான் நான் பிள்ளைகளுக்கு முதல்ல சொல்லுறனான். உள்ளுக்க இருக்கிற எண்ணை முதன்மைக் காரணியாப் பிரிச்சுப் பார்க்கவேணும். 8 எண்டா 2^3. 4 எண்டா 2^2. அப்ப √8 = 2^(3/2), ∛4 = 2^(2/3). அடி ரெண்டும் 2! வெளியில பார்க்க வேற வேற எண் மாதிரி இருந்தது, உள்ளுக்க ஒரே ஆள். அடி ஒண்டு எண்டா சுட்டியைக் கூட்டலாம்:

3/2 + 2/3 = 9/6 + 4/6 = 13/6

ஆக விடை 2^(13/6). 13/6 எண்டா 2உம் மிச்சம் 1/6உம், அப்ப 2^2 × 2^(1/6), அதாவது 4 × ⁶√2. 8192 எண்டிறதும் 2^13 தான், பெரிய எண்ணாப் பெருக்கிப்போட்டு திரும்பப் பிரிக்கிறதுக்கு முதலே பிரிச்சிருந்தா நேரம் மிச்சம்.

இந்தக் கணக்கில சுட்டியைக் கூட்டுறம், முதல் கணக்கில கூட்டேல்ல. வாத்தியார் ஐயா சொன்ன ரெண்டு நிபந்தனையில எது இருக்கு எண்டு பார்க்கிறதுதான் முழு வேலையும். இன்னொரு வடிவான கணக்கு சொல்லுறன், ∜9 × √3. பார்க்கப் பயமா இருக்கும். 9 எண்டா 3^2, அதின்ர நாலாம் மூலம் 3^(2/4), அதாவது 3^(1/2). √3ஐ √3ஆல பெருக்க 3. மூலமே இல்லாமப் போயிட்டுது. என்னட்ட படிக்கிற பிள்ளையள் இதை முதல்ல ∜81 எண்டு கொண்டு வந்து, பிறகுதான் அது 3 எண்டு கண்டுபிடிப்பினம்.

வெளியில எண் நிண்டா அதைத் தனியாப் பெருக்கவேணும், உள்ளுக்க கொண்டு போகத் தேவையில்லை. 2√3 × 4∛5 எண்டு வந்தா வெளியில 2 × 4 = 8, உள்ளுக்க 3^3 = 27, 5^2 = 25, அப்ப 8 × ⁶√675. 675ஐப் பிரிச்சா 3^3 × 5^2, ஒண்டும் ஆறாம் அடுக்குக்கு வரேல்ல, அதால அங்கயே நிப்பாட்டலாம். மகளுக்கு புதன் சோதனைக்கு முதல் √12 × ∛18 செய்யக் குடுத்துப் பாருங்கோ. அதில ரெண்டு அடி கலந்து வரும், நல்ல பயிற்சி.

---

அஞ்சு கட்டை:

நான் மேடைக் கச்சேரியில கீபோர்டு வாசிக்கிறவன், இந்தப் பக்கம் கணக்கு பேசுறதப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா பின்ன அடுக்கு எனக்குப் புரிஞ்சதே கீபோர்டுலதான். ஸ்கூல்ல படிக்கும்போது இதெல்லாம் எதுக்குன்னு தெரியாமலே பாஸ் பண்ணிட்டேன்.

கீபோர்டுல ஒரு ச (ச ரி க ம வுல வர்ற ச) லேருந்து மேல் ச வரைக்கும் 12 படி. மேல் ச வோட அதிர்வு கீழ் ச வோடதப்போல சரியா ரெண்டு மடங்கு. நடுவுல இருக்கிற பன்னெண்டு படியும் ஒரே அளவு இருக்கணும்னு வச்சுக்கிட்டா, ஒரு படி ஏற ஏதோ ஒரு எண்ணால பெருக்கணும், அந்த எண்ணால பன்னெண்டு தடவை பெருக்குனா 2 வரணும். அப்ப அந்த எண்ணு 2^(1/12), கிட்டத்தட்ட 1.0595. கீபோர்டோட ட்யூனிங் மொத்தமும் இந்த ஒரு எண்ணுலதான் உக்காந்திருக்கு.

இப்ப பாருங்க. ச லேருந்து அந்தர காந்தாரத்துக்கு (க வுல ஒரு வகை) 4 படி, அதாவது 2^(4/12), சுருக்குனா 2^(1/3), அதுதான் ∛2. அந்தர காந்தாரத்துலேருந்து பஞ்சமத்துக்கு (அதாவது ப) 3 படி, 2^(3/12), அது 2^(1/4), அதாவது ∜2. அப்ப ச லேருந்து பஞ்சமத்துக்கு என்ன? ∛2 × ∜2. அக்கா உங்க பொண்ணுகிட்ட இந்தக் கணக்கைக் குடுத்தா 1/3 + 1/4 = 4/12 + 3/12 = 7/12 னு போடுவா, நான் கீபோர்டுல நாலும் மூணும் ஏழு படின்னு எண்ணுவேன். எல்சிஎம் எடுக்கிறதுன்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது, ரெண்டு தாவலையும் ஒரே சைஸ் படியில எண்ணுறோம், அவ்வளவுதான். இங்க அடி எப்பவும் 2, அதனால கூட்டிக்கிட்டே போகலாம்.

நிஜ எண்ணுல போட்டுக் காட்டுறேன். ஒரு கட்டை ஸ்ருதி (பாடுறவங்க ச வை எந்த உயரத்துல வச்சுக்கிறாங்கன்னு சொல்றதுதான் கட்டை), கீபோர்டுல நடு ஸி, 261.63 ஹெர்ட்ஸ். அத 1.25992ஆல பெருக்குனா 329.63, அது காந்தாரம். அத 1.18921ஆல பெருக்குனா 392.00, அது பஞ்சமம். அதே 392தான் அஞ்சு கட்டைக்காரங்களுக்கு ச. நேரா 261.63ஐ 1.49831ஆல பெருக்குனாலும் அதே 392.00.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. தம்புராவுல பஞ்சமத்தைக் காதால கேட்டு சேர்க்கும்போது அது ச வோட சரியா 3/2 மடங்குல போய் நிக்கும், அதாவது 1.5. கீபோர்டு பஞ்சமம் 1.4983. 261.63க்கு 1.5 மடங்குன்னா 392.44, கீபோர்டுல 392.00. ஒரு ஹெர்ட்ஸ்ல பாதிகூட இல்ல, ஆனா அமைதியான ரூம்ல ரெண்டையும் சேர்த்து நீட்டிப் பிடிச்சா சத்தம் மெதுவா ஏறி இறங்குறது கேக்கும், ஒரு தடவை ஏறி இறங்க ரெண்டு செகண்டுக்குக் கொஞ்சம் கூட ஆகும். 2ஓட பின்ன அடுக்கை எத்தனை பெருக்குனாலும் 3/2 சரியா வராது, ஏன்னா 2ஐ எத்தனை தடவை பெருக்குனாலும் உள்ள ஒரு 3 முளைக்காது. மேல யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன அதே முதன்மைக் காரணி விஷயம்தான்.

பாப்பாவுக்கு ஒரு கணக்கு: √2 × ∛2. √2 ன்னா 6 படி, அது பிரதி மத்தியமம் (ம வுல ஒரு வகை), அங்கேருந்து இன்னும் 4 படி. 10 படி, கைசிகி நிஷாதத்துல (நி யில ஒரு வகை) போய் நிக்கணும். பேப்பர்ல 2^(5/6) வரும், 10/12ம் 5/6ம் ஒண்ணுதான்னு பாத்துக்கச் சொல்லுங்க.

---

லேமினேஷன் கடை:

கீபோர்டு அண்ணன் சொன்னதப் பார்த்ததும் எனக்கு ஜெராக்ஸ் மெஷின் ஞாபகம் வந்துருச்சு. ஏ4ஐ ஏ3 ஆக்க 141% அமுக்குறோம், ஏ3ஐ ஏ4 ஆக்க 71%. 141 ங்கறது √2 தான், 71 ங்கறது 1/√2. 71% காப்பியை எடுத்து மறுபடி 71% போட்டா ஒரு பக்க நீளம் பாதியாயிடும், 2^(-1/2) × 2^(-1/2) = 2^(-1), நான் தினம் செய்யிற வேலை, இப்படி எழுதலாம்னு இன்னைக்குத்தான் பார்க்குறேன். ஏ0 தாள் 1189 மில்லிமீட்டருக்கு 841. அதுல நீளம் ∜2 மீட்டர், அகலம் 1/∜2 மீட்டர், பெருக்குனா 1/4 லேருந்து 1/4 போயி பவர் 0, ஒரு சதுர மீட்டர். 1189 × 841 போட்டா 999949 வருது, பத்து லட்சம் சதுர மில்லிமீட்டருக்கு 51 தான் குறைவு, மில்லிமீட்டரை முழுசாக்குனதால வந்த வித்தியாசம் அது.

---

அடைப்புக்குறி:

அக்கா நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். போன் கால்குலேட்டர்ல சரிபார்க்கும்போது ஒரு விஷயம் கவனிங்க, 2^1/2 னு அடைப்புக்குறி இல்லாம அடிச்சா நிறைய கால்குலேட்டர் முதல்ல 2^1 போட்டு அப்புறம் 2ஆல வகுத்து 1 னு காட்டும். 2^(1/2) னு அடிக்கணும், அப்பதான் 1.414 வரும். நோட்டுல எழுதும்போதும் பொண்ண அடைப்புக்குறி போடச் சொல்லுங்க, மேல சின்னதா எழுதுறப்ப கோடு இறங்கி அடியோட ஒட்டிக்கும்.

அப்புறம் வாத்தியார் சார்கிட்ட ஒரு சந்தேகம். மைனஸ் எண்ணுக்கு இது செல்லுமா? பைத்தான்ல (-8)**(1/3) அடிச்சா (அங்க ** ன்னா பவர்) -2 வரும்னு எதிர்பார்த்தேன், 1, 1.732 ன்னு ஏதோ கற்பனை எண் வந்துச்சு. பேப்பர்ல போட்டா இன்னும் குழப்பம், 1/3ம் 2/6ம் சமம்தானே, (-8)^(2/6) ன்னா (-8)^2 = 64, ⁶√64 = 2. ∛(-8) ஒரு பக்கம் -2, இன்னொரு பக்கம் 2. ரெண்டு நாளா மண்டையைக் குடையுது.

---

பழைய கரும்பலகை:

தம்பி நல்ல இடத்துல கை வச்சீங்க. இது பாடத்துல ஒரு வரியில போயிடும், ஆனா அந்த ஒரு வரி இல்லாட்டி மேல நான் சொன்னது எல்லாமே ஆடிப் போயிடும். பின்ன அடுக்கு விதிகள் எல்லாம் அடி பாசிட்டிவா இருக்கும்போதுதான் கேள்வி கேக்காம செல்லும். பாசிட்டிவ் எண்ணுல 1/3ஐ 2/6 ஆக்குனா ஒண்ணும் ஆகாது. மைனஸ் எண்ணுல ஆகும், ஏன்னா 2/6 ன்னு எழுதுன உடனே நடுவுல ஒரு வர்க்கம் நுழைஞ்சிருச்சு, வர்க்கம் பண்ணா மைனஸ் அழிஞ்சு போச்சு, அப்புறம் ஆறாம் மூலம் எடுத்தா அது திரும்பி வராது. உங்க 2 அப்படி வந்ததுதான்.

பைத்தான் பண்ணதும் ஒரு வகையில நியாயம். எதை மூணு தடவை பெருக்குனா -8 வரும்னு கற்பனை எண்ணையும் சேர்த்துத் தேடுனா மூணு விடை இருக்கு, அதுல -2 ஒண்ணு, நீங்க பார்த்தது இன்னொண்ணு. பள்ளிக் கணக்குல ∛(-8) ன்னா -2 ன்னு வச்சிருக்கோம், மெய்யெண் அது ஒண்ணுதானே.

அதனால மைனஸ் வந்தா முதல்ல அத வெளிய எடுத்துருங்க, அப்புறம் எல்சிஎம் பக்கம் போங்க. √2 × ∛(-3) ன்னு கேட்டா ∛(-3) = -∛3, ஆக விடை -⁶√72. மைனஸை உள்ளயே விட்டு (-3)^2 = 9 போட்டீங்கன்னா +⁶√72 வரும், தப்பு, அதுவும் கண்ணுக்குத் தெரியாத தப்பு. ஒத்தைப்படை மூலத்துக்குத்தான் இப்படி வெளிய எடுக்கலாம், √(-2) × √(-3) மாதிரி வந்தா அது பதினொண்ணு பன்னெண்டாவது விவகாரம், அங்க விடை √6 இல்ல, -√6. பாப்பாவுக்கு இப்ப அது வேணாம்மா, குழப்பிக்க வேண்டாம், அவ புத்தகத்துல உள்ள இருக்கிற எண்ணெல்லாம் பாசிட்டிவாத்தான் இருக்கும்.

---

மாடித்தோட்டம்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. யாழ்ப்பாணத்துச் சகோதரி குடுத்த √12 × ∛18 ஐ நேத்து சாயங்காலம் உக்காந்து போட்டா, நான் வாயே திறக்கல. அவ எழுதுனது:

12 = 2^2 × 3, அதனால √12 = 2^1 × 3^(1/2)
18 = 2 × 3^2, அதனால ∛18 = 2^(1/3) × 3^(2/3)
2க்கு: 1 + 1/3 = 4/3
3க்கு: 1/2 + 2/3 = 7/6
= 2^(4/3) × 3^(7/6)
= 2 × 3 × 2^(1/3) × 3^(1/6)
= 6 × 2^(2/6) × 3^(1/6)
= 6 × ⁶√4 × ⁶√3
= 6 × ⁶√12

கூட்டுற இடத்துல "சேம் பேஸ்"னும் கடைசியில பெருக்குற இடத்துல "சேம் பவர்"னும் பென்சில்ல ஓரத்துல எழுதிக்கிட்டா, அது யாரும் சொல்லிக் குடுக்கல. எனக்கு சரியான்னு சந்தேகம், கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் 9.0785 வந்துச்சு. அடைப்புக்குறி தம்பி சொன்னது நல்லதாப் போச்சு, முதல் தடவை நான் 12^1/2 னுதான் அடிச்சேன், 6 னு காட்டுச்சு.

கீபோர்டு தம்பி குடுத்த கணக்குக்கு அவ பாட்டு மிஸ்கிட்ட போய் ஹார்மோனியத்துல எண்ணிப் பார்க்கணுமாம், சனிக்கிழமை கிளாஸ் இருக்கு. சார், ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி, டெஸ்ட்ல ⁶√8192 ன்னே விட்டுட்டு வந்தா மார்க் குறைப்பாங்களா?

---

பழைய கரும்பலகை:

"எளிய வடிவில் எழுதுக"ன்னு கேள்வியில இருந்தா குறைப்பாங்க, நானும் குறைச்சிருக்கேன். வெறும் "பெருக்குக"ன்னு இருந்தாலும் சுருக்கிட்டே வரச் சொல்லுங்க, உள்ள ஆறாம் அடுக்கு ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு ஒரு தடவை பார்த்தா போதும், 2^6 = 64, 3^6 = 729, இந்த ரெண்டாலயும் வகுபடுதான்னு பார்த்தாலே அவ புத்தகத்துக் கணக்குல பெரும்பாலும் பிடிபட்டுரும். 8192 ஐ 64 ஆல வகுத்தா 128, மறுபடி வகுத்தா 2. ரெண்டு 64 வெளிய வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு 2, ஆக 4, உள்ள மிச்சம் 2.